ஐப்பசி மழையும் பொடக்காலி வேலைகளும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குப் பெருமழை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்கு மலைத்தொடரே வாங்கிக்கொள்கிறது. ஆகவே பொடக்காலி (வீட்டுக் கொல்லைப்புறம்) வேலைகளைப் புரட்டாசிக் கடைசிக்குள் முடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். கோடையில் தண்ணீர் நிற்பதற்காக எலுமிச்சையைச் சுற்றிக் கட்டிய வட்டப்பாத்தியின் கரையை ஒரு பக்கம் வெட்டிவிடுவேன். அடிமரத்தில் நீர் தேங்கினால் பட்டை வெடித்துப் பிசின் வடியத் தொடங்கும். வாழைக்கு மண் அணைத்து முட்டுக் கொடுப்பதும், காற்றில் எளிதில் முறிந்துவிடும் முருங்கைக் கிளைகளைக் குறைப்பதும் அந்த வாரத்து வேலைகளே.

இவ்வளவு செய்தும் சென்ற கார்த்திகையில் முருங்கையில் கம்பளிப்பூச்சி இறங்கிவிட்டது. அடிமரத்தில் உள்ளங்கையகலத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டிருந்த புழுக்களைக் கண்டு, எந்த மருந்து வாங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வந்து பார்த்தார். "மருந்தெல்லாம் எதுக்குங் கண்ணு? கீரை பறிக்கற மரம். இப்படிக் கூட்டமா இருக்கறப்பவே பந்தத்தக் காட்டிப்போடு" என்றார். நீண்ட குச்சியில் பழந்துணியைச் சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, ஓரிடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழுமாக அவரே ஓட்டிக் காட்டினார். தீ நின்றால் பட்டை வெந்துவிடும். புழுவின் சுணை மேலே பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் வேண்டும். கூரையோ வைக்கோற்போரோ அருகிலிருந்தால் இந்த வேலையைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

மழை விட்டவுடன் விளக்குப்பொறி வைத்துத் தாய் அந்துப்பூச்சிகளைப் பிடித்துவிடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஆகவே இவ்வாண்டு முதல் மழைக்கே, அகன்ற சட்டியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் ஒரு பல்பைத் தொங்கவிட எண்ணியிருக்கிறேன்.

மல்லிகைக்கு மட்டும் அவசரப்படுவதில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, தொழுவுரம் இட்டுக் கொத்திவிடுகிறேன்.