இடைக்கால இலத்தீன் உரையாடல் நூல்களில் மாணவர் வெறும் தலையாட்டியா?

கேள்வி:
இடைக்கால இலத்தீன் உரையாடல் நூல்கள் சிலவற்றை மொழிபெயர்ப்பில் படித்து வருகிறேன். ஆசிரியர் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். மாணவரோ "ஆம், விளங்கிற்று" என்பதோடு நின்றுவிடுகிறார். பாப்பரசர் முதலாம் கிரகோரி 593-594 அளவில் எழுதிய உரையாடல்களில் பீட்டர் என்னும் திருத்தொண்டரும் அப்படியே தோன்றுகிறார். கட்டுரையாகவே எழுதியிருக்கலாமே, இவ்வடிவம் எதற்கு?

மறுமொழி 1:
பீட்டரைப் பற்றிய தங்கள் கணிப்பு முதல் மூன்று புத்தகங்களுக்குப் பெரிதும் பொருந்தும், நான்காவதற்குப் பொருந்தாது. அங்கே அவர், ஒருவர் இறந்தபோது தாம் அருகில் இருந்தும் ஆன்மா வெளியேறியதைக் காணவில்லையே என்று ஐயம் எழுப்புகிறார். உடலுக்குள் இருந்தபோதும் நீர் அதைக் காணவில்லையே என்பது கிரகோரியின் விடை. வாசகர் வெளியே சொல்லத் தயங்கும் ஐயத்தைச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார் அல்லவா?

இடைக்கால இறையியலாளரான அன்செல்ம் இதை வெளிப்படையாகவே கூறுகிறார். கடவுள் ஏன் மனிதரானார் என்பதை ஆராயும் நூலின் (1098) தொடக்கத்தில், வினாவும் விடையுமாக ஆராய்வது பலருக்கு, குறிப்பாகச் சற்று மெதுவாகப் புரிந்துகொள்வோருக்கு, தெளிவாக இருக்கும் என்கிறார். அதில் வினவும் போசோ கற்பனைப் பாத்திரம் அல்லர். நார்மண்டியில் இருந்த பெக் மடத்துத் துறவி, பின்னாளில் அதன் தலைவரானவர். நம்பிக்கையற்றோரின் மறுப்புகளை அவர் வாயிலாகவே அன்செல்ம் முன்வைக்கிறார்.

மறுமொழி 2:
இறையியலை விட்டுச் சற்றுப் பள்ளிக்கூடத்தையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஏல்ஃப்ரிக் என்னும் துறவி ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் மடத்துச் சிறுவர்களுக்கு இலத்தீன் பேசப் பழக்க எழுதிய உரையாடலில், ஒவ்வொருவரும் ஒரு தொழிலாளியாகப் பேசுகிறார்கள். உழவர் தம் உழைப்பு கடுமையானது என்றும், தாம் சுதந்திரமானவர் அல்லர் என்றும் சொல்லும் இடம் இலக்கணப் பாடத்தில் நாம் எதிர்பாராதது. திமிங்கிலம் பிடிக்க வருவாயா என்றால், என்னைக் கொல்லக்கூடியதைவிட நான் கொல்லக்கூடிய மீனே எனக்குப் போதும் என்கிறார் மீனவர். இங்கே மாணவர்களே அதிகம் பேசுகிறார்கள்; அவர்கள் வாய் திறக்காவிட்டால் பாடமே இல்லை.

மறுமொழி 3:
வாதம் உண்மையிலேயே சூடுபிடிப்பது 12ஆம் நூற்றாண்டின் சமய உரையாடல்களில் என்பது என் கருத்து. 1106இல் ஸ்பெயினின் உவெஸ்கா நகரில் திருமுழுக்குப் பெற்ற பெட்ரஸ் அல்ஃபோன்சி, யூதராக இருந்தபோது தமக்கிருந்த மோசே என்னும் பெயரையே எதிர்வாதிக்குச் சூட்டி, தம் பழைய உருவோடு தாமே வாதிடுகிறார். ஆனால் வெற்றி யாருக்கு என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அதே நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலாளர் அபெலார் அப்படிச் செய்யவில்லை. அவர் எழுதிய உரையாடலில் வரும் கனவில் மெய்யியலாளர், யூதர், கிறித்தவர் மூவரும் அவரையே நடுவராக்குகிறார்கள். அவர்களுள் யூதர், நிலமோ திராட்சைத் தோட்டமோ வைத்திருக்க இயலாத தம் மக்களுக்கு வட்டித்தொழிலே மிஞ்சியது என்று முறையிடும் பகுதியை, எதிர்த்தரப்பை வீழ்த்த மட்டுமே எழுதும் ஒருவர் எழுதியிருக்க மாட்டார். கிடைத்துள்ள நூலில் நடுவரின் தீர்ப்பு இல்லை. நூல் முற்றுப்பெறவில்லையா, வேண்டுமென்றே விட்டாரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பீட்டரை அவசரப்பட்டு மதிப்பிட்டுவிட்டேன். நான்காம் புத்தகத்தை மறுபடி படிக்கிறேன். அதன் பிறகு அபெலாரைத் தொடங்குவதாக இருக்கிறேன்.