வாட்ஸ்அப்பில் ஏலம் போன முருங்கைக்காய்

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவில், செம்மண் தேரியை (மணல்மேட்டை) ஒட்டி இருக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைதான், ஆனால் சேகரத்தின் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது) பெரிய கோயில் வேறு ஊரில், எங்களுடையது ஓடு போட்ட சின்னக் கிளைச் சபை. ஊரில் பாதிப் பேர் சென்னையிலும் மும்பையிலும் கடை கண்ணி என்று இருக்கிறவர்கள். 2020-ல் சபைக் கமிட்டியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், அதனால் அந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை வசூல் நடந்த கூத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல முடியும்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் பக்கம் ஸ்தோத்திரப் பண்டிகை என்பது அறுப்பின் பண்டிகைதான். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், சீனிக்கிழங்கு, கருப்பட்டி, கோழி, ஆட்டுக்குட்டி என்று அவரவர் விளைச்சலைக் கோயிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். எலுமிச்சம்பழம் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குப் போகும், காரணம் பழம் இல்லை, மச்சானை வம்புக்கு இழுத்து விலையை ஏற்றிவிட்டுக் கடைசி நேரத்தில் நழுவிக்கொள்வதில் ஒரு சுகம். அப்புறம் அசனம், சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும், சாதி சமயம் பார்க்காமல் யார் வந்தாலும் பந்தி. வசூலில் ஒரு பங்கு மிஷனெரி ஊழியத்துக்குப் போகும் (1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்குக் கொடுப்பது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம்). இது போக, பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசிக் காணிக்கை தனி.

மார்ச் 24 ராத்திரி கொரோனா ஊரடங்கு அறிவித்தபோது எங்கள் பக்கம் பதநீர்க் காலம். பனையைப் பாட்டத்துக்கு எடுத்தவன் ஊரடங்கு என்று பாளையைச் சீவாமல் விடமுடியாது, ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினார்கள், இறக்கினார்கள், காய்ச்சினார்கள். ஆனால் கருப்பட்டி எடுக்க வரும் வியாபாரி வண்டி வரவில்லை. பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் யூடியூப் ஆராதனையில் கழிந்தது, பனையேறி வீட்டிலோ சிப்பம் சிப்பமாகக் கருப்பட்டி இருக்கிறது, கையில் பத்து ரூபாய் இல்லை. அரசாங்கம் ஆயிரம் ரூபாயும் ரேஷன் அரிசியும் கொடுத்தது, சரி. அதனாலேயே எல்லார் வீட்டிலும் அரிசி இருந்தது. இல்லாதது எண்ணெய், பருப்பு, சோப்பு, பிரஷர் மாத்திரை. கைப்பிடி அரிசி மூட்டையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் ஆரம்பித்தபோது பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மா ஒருத்தர்தான், “அரிசிய வச்சு என்னத்தல திங்க, கொழம்புக்கு வழி பண்ணுங்க” என்று ஒரே போடாகப் போட்டார்.

பண்டிகை ஆகஸ்டில். அப்போதிருந்த விதியைக் கேளுங்கள். ஊராட்சிப் பகுதியில் ஆண்டு வருமானம் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான சின்ன வழிபாட்டு இடங்களை ஜூலை 1 முதல் திறக்கலாம். ஆனால் ஜூலை, ஆகஸ்டு முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் தளர்வில்லாத ஊரடங்கு. கோயிலைத் திறக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது! ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்ததற்கு அப்புறம் எங்கள் பக்கம் யாருக்கும் விதியை உரசிப் பார்க்கும் தைரியம் இல்லை. சேகர ஐயரிடம் (எங்கள் பாதிரியாரிடம்) கேட்டுச் சனிக்கிழமை காலையில், பாட்டு இல்லாமல், ஆளுக்கு ஆள் தள்ளி உட்கார்ந்து ஆராதனையை முடித்தோம்.

ஏலம் வாட்ஸ்அப் குரூப்பில். கோயில்பிள்ளை (கோயில் வேலைகளைப் பார்ப்பவர்) ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்ட, ஒரு பையன் போட்டோ போடுவான், கீழே விலை கேட்பார்கள். நெட்வொர்க் லட்சணத்தில் முருங்கைக்கட்டு முந்நூறில் முடிந்து வாழைத்தாருக்குப் போனபின் துபாயிலிருந்து ‘ஐந்நூறு’ என்று வந்து விழும். அப்புறம் எது செல்லும் என்று பத்து நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் சண்டை. வழக்கமாகத் தூள் பறத்தும் மும்பைக்காரர்கள் அந்த வருஷம் வாய் திறக்கவில்லை. சிலர் இ-பாஸ் வாங்கி ஊருக்கே வந்து பள்ளிக்கூடத்தில் தனிமையில் இருந்து வெளியே வந்தவர்கள். விலை கேட்டதெல்லாம் சென்னையில் மளிகைக்கடை வைத்திருந்தவர்கள், அவர்கள் கடை மட்டும்தானே திறந்திருந்தது.

சிக்கல் அதற்கப்புறம். ஏலம் எடுத்தவன் சென்னையில், காய் இங்கே. மறுபடி விற்றுக் காசாக்கலாம் என்றார் ஒருவர். எல்லாவற்றையும் கோயில் வராண்டாவில் மேசை போட்டு வைத்துவிடுவோம், வேண்டியவர்கள் எடுக்கட்டும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. காரணம், மே மாதம் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய ஒருவர் மளிகைப் பை வாங்குகிறவர்களை நிற்கவைத்து போட்டோ கேட்டார், எடுத்தோம், அடுத்த தடவை பை வாங்க நாலு குடும்பம் வரவே இல்லை. அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். தெருவே பார்க்கும்படி கைநீட்ட எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான் வராது. மேசையில் வைத்தபோது பகலில் இருந்த காய் பொழுதடைந்தால் காலியாக இருந்தது. வசதியானவர்களும் எடுத்தார்கள் என்று புகார் வந்தது. எடுத்திருக்கலாம், எடுத்துவிட்டுப் போகட்டும். அசனத்துக்கு ஒதுக்கிய பணத்தில் எண்ணெயும் பருப்பும் மாத்திரையும் வாங்கி, போட்டோ எதுவும் இல்லாமல், இருட்டியபின் வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வைத்தோம்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பனையேறித் தாத்தாவைச் சொல்லவேண்டும். பண்டிகைக்கு ஒரு சிப்பம் கருப்பட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஓலைப்பாய்க் கட்டு பிரிக்காதது, சந்தையில் போட்டால் அவர் வீட்டுக்கு ஒரு மாதம் ஓடும். “தாத்தா, ஒங்களுக்குக் குடுக்கணும்னு கமிட்டில பேசிருக்கோம், நீங்க இதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே” என்றேன். “ஏல, அது நீங்க தாறது. இது நான் ஆண்டவருக்குத் தாறது. ரெண்டு பக்கமும் எம் பேர எழுதிக்கோ” என்று இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்படியே எழுதினேன், வரவிலும் செலவிலும். தணிக்கைக்கு வந்தவர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.

2021-ல் இன்னும் மோசம். ஆகஸ்டிலிருந்து வாராவாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டு இடங்களை மூடச் சொல்லிவிட்டார்கள், வியாழக்கிழமை பண்டிகை கொண்டாடினோம்.

இப்போது அசனம் பழையபடி வந்துவிட்டது, வராண்டா மேசையைத்தான் கமிட்டி எடுத்துவிட்டது. நான் கேட்டுப் பார்த்தேன், இடைஞ்சலாம். வாட்ஸ்அப் ஏலம் மட்டும் நின்றபாடில்லை, வருமானம் ஆயிற்றே. போன பண்டிகையில் வெளியூர் அண்ணாச்சி ஒருத்தர் ஒரு சேவலை மூவாயிரத்துக்கு எடுத்தார். சேவலை அசனத்தில் போட்டாயிற்று, பணம்தான் இன்னும் வரவில்லை. இதைப் படித்தால் அனுப்பி வையுங்கள் அண்ணாச்சி, ஜிபே நம்பர் பழையதுதான்.