மறு: மறு: ஹம், ஹிஸ், கிராக்கிள் எல்லாமே ‘இரைச்சல்’தானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஒலிக்கருவிகளில் கேட்கும் பழுதுச் சத்தங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்வி இது:

> மூன்றையும் ‘இரைச்சல்’ என்றே போட்டுவிடலாமே, அகராதியில் ஏற்கெனவே இருக்கிற சொல்தானே?

அகராதிக்கு அது போதும். மிக்ஸரின் (பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பெட்டி) மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் போதாது. மட்டக்களப்பில் வைகாசி மாதம் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு முடிந்த கையோடு, சவுண்ட் செற் வைத்திருக்கிற ஆட்கள் மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். “அண்ணே, இது இரையுது.” எப்படி இரைகிறது என்று கேட்டால் வாயாலேயே செய்து காட்டுவார்கள்: ம்ம்ம் (ஹம்), ஸ்ஸ்ஸ் (ஹிஸ்), கர்ர்ர் (கிராக்கிள்). பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும். சத்தத்துக்குச் சத்தம் பழுது வேறு. அதனால்தான் சொல்லும் வேறாக இருக்கவேண்டும் என்கிறேன்.

ஹம்முக்கு இதுவரை ‘ரீங்காரம்’, ‘முரலல்’, ‘முனகல்’ என்று மூன்று வந்திருக்கின்றன. முதல் இரண்டும் வண்டுக்கும் பூவுக்கும் உரியவை. இவ்வளவு எரிச்சலான சத்தத்துக்கு அத்தனை அழகு வேண்டாம். முனகல் நோயாளிக்குரியது. என் பரிந்துரை உறுமல். அடித்தொனியில் விடாமல் கேட்பது அது.

உறுமலிலும் இரண்டு வகை உண்டு, இந்த இடத்தில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மிக்ஸர் ஒரு பிளக்கில், அம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) மேடைக்கு அந்தப்பக்கம் வேறொரு பிளக்கில் என்றால் இரண்டுக்கும் தனித்தனியே எர்த் போகிறது. நடுவில் ஓடும் ஒலிவயரின் உலோக உறை அந்த இரண்டையும் இணைத்து ஒரு வளையமாக்கிவிடும். 50 ஹேர்ட்ஸ் அந்த வழியாகப் பாட்டுக்குள் புகுந்துகொள்ளும். மற்ற உறுமல் மிக்ஸருக்குள்ளேயே பிறப்பது. மின்வழங்கியில் இருக்கும் பெரிய கொள்ளளவி (கப்பாசிட்டர்) காய்ந்துவிட்டால், நேராக்கிய மின்னின் அலை அடங்காமல் 100 ஹேர்ட்ஸில் கேட்கும். 50க்கு 100 சரியாக ஒரு ஸ்தாயி மேலே, அதனால் சுருதி தெரிந்த காது பிரித்துவிடும். காதில் நம்பிக்கை இல்லாதவர் மிக்ஸரில் செருகியுள்ள எல்லா ஒலிவயர்களையும் பிடுங்கிவிட்டு ஹெட்போனில் மட்டும் கேட்கட்டும். நின்றுவிட்டால் கோளாறு வெளியே, நிற்காவிட்டால் உள்ளே. ஆகவே வெளியுறுமல், உள்ளுறுமல் என்று வைத்துக்கொள்வோம். ‘புவிவளைய முரலல்’ என்று நீட்டினால் ஒரு பொடியனும் சொல்லமாட்டான்.

வெளியுறுமலுக்கு நம் ஊரில் ஒரு கெட்ட வைத்தியம் இருக்கிறது: பிளக்கைத் திறந்து எர்த் கம்பியை வெட்டிவிடுவது. உறுமல் நிற்கும், உண்மை. பிறகு உள்ளே ஒரு கம்பி கழன்று பெட்டியில் பட்டால், மைக்கைப் பிடித்திருக்கும் கூத்து அண்ணாவியாரின் கைக்கு 230 வோல்ற் வரும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மிக்ஸரையும் அம்பையும் ஒரே பிளக் பலகையில் போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் மிக்ஸரிலிருந்து அம்புக்குப் போகும் வயரில், அது சமநிலை வயராக (உறைக்குள் இரண்டு ஒலிக்கம்பிகள் உள்ளது) இருந்தால், உறையை ஒரு முனையில் மட்டும் கழற்றிவிடலாம். இடையில் ஒரு தனிமைப்படுத்தும் ஒலி மின்மாற்றி போடுவது இன்னும் நல்லது. உள்ளுறுமலுக்குக் கொள்ளளவியை மாற்றத்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய உடனே கை வைக்காதீர்கள், அதில் மின் கொஞ்சநேரம் தங்கியிருக்கும்.

கிராக்கிளுக்குக் கரகரப்பு. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்பிடி) ஏற்றி இறக்கும்போது மட்டும் கரகரத்தால், உள்ளே கரித்தடத்தில் ஊரும் தொடுமுனையில் அழுக்கு. கல்லடி போல ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள இடத்தில் உப்புக்காற்று இதைச் சீக்கிரம் செய்துவிடும். ஃபேடருக்கென்று வரும் தொடுமுனைத் துப்புரவுத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு ஏற்றி இறக்குங்கள். துரு இளக்கும் எண்ணெயை அடித்தால் உள்ளிருக்கும் கிரீஸ் கழுவுண்டு ஃபேடர் செத்துப்போகும். ஒரு சானல் கரகரக்காமல் விட்டுவிட்டுக் கேட்டால் ஃபேடரைச் சந்தேகப்படாதீர்கள். பின்னாலுள்ள இன்சேர்ட் துளையில் (வெளிக்கருவியை இடையில் சேர்க்கும் துளை) ஒரு ஜாக்கைப் பலமுறை செருகி எடுங்கள். அந்தத் துளைக்குள் இருக்கும் சிறு ஆளித் (சுவிட்ச்) தகடு களிம்பேறியிருக்கும்.

இரைச்சலை ஹிஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

கடைசியாகக் கிளிப்பிங், அதாவது ஒலி அளவு மிஞ்சிச் சிதைவது. ‘கத்தரிப்பு’ என்று வந்திருக்கிறது. எனக்கு ‘ஆர்ப்பு’ பிடிக்கிறது. சிலப்பதிகாரம் வேனிற்காதையில் யாழின் ஓசைக் குற்றங்களாகச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்று நான்கு வருகின்றன. அவற்றில் ஆர்ப்பு என்பது அளவு கடந்து இசைப்பது. மிக்ஸருக்குள் ஒலியைப் பெருக்கும் விரியலாக்கிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 15 வோல்ற் என்றால், கெயினை (பெருக்கும் அளவை) எவ்வளவு திருகினாலும் அலை அதற்குமேல் ஏறமுடியாது, தலை தட்டையாகிவிடும். அளவு கடந்த குற்றம்தான்.

---

காரைதீவிலிருந்து எழுதுகிறேன். உறுமல் வகையறாவுக்கு என் ஓட்டு உண்டு. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு எங்கள் ஊர் விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். பின்னர் யாழைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். ஆகவே நீங்கள் யாழ்ப் பக்கம் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் ஆர்ப்பு சிக்கல். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஆர்ப்பாட்டம் என்றுதான் நினைப்பார்கள். தவிர, அலைவுகாட்டியில் (ஒசிலோஸ்கோப்) அவர்கள் பார்ப்பது தலை வெட்டுப்பட்ட அலை. எனக்குத் ‘தறிப்பு’ சரியாகப் படுகிறது.

---

ஐயா, தறிப்பு நல்ல சொல், அலையின் வடிவத்துக்கு அதையே வைத்துக்கொள்வோம். ஆனால் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்பவர் அலையைப் பார்ப்பதில்லை. அவர் என்னிடம் “அண்ணே, பாட்டு தறிக்குது” என்றால் நான் வயர் அறுந்துவிட்டது என்று நினைப்பேன். கேட்கும் சத்தத்துக்கு ஆர்ப்பு இருக்கட்டுமே. மற்றவர்களும் சொல்லுங்கள். ஃபேடருக்கு ‘சறுக்கி’ என்று வந்த பரிந்துரைக்கும் இன்னும் ஒருவரும் பதில் போடவில்லை.