ஊட்டியில் ரூம் டெம்பரேச்சர் என்றால் என்ன?

தைலமரம்:
எச்ஐவி கல்ச்சர், அதாவது ரத்தத்தில் இருக்கும் எய்ட்ஸ் வைரஸை லேபில் வளர்த்துப் பார்ப்பது, என்றாலே எனக்கு அம்மாவின் கம்பளிச் சால்வைதான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் ஊட்டியில் ரத்தம் எடுத்து, மேட்டுப்பாளையம் இறங்கி, ராத்திரி ரயிலில் சென்னை லேபுக்கு அனுப்புவது என் வேலை. ஐஸ் பெட்டியில் வைத்தே பழகிய கை, இதையும் அப்படியே வைத்தது. வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்டுகளான எலிசா, வெஸ்டர்ன் பிளாட் இரண்டிலும் பாசிட்டிவ் ஆனவருக்கு கல்ச்சரில் மட்டும் ஒன்றுமே வளரவில்லை, அதுவும் மூன்று முறை. லேபிலிருந்து போனில் திட்டு: வைரஸ் உயிருள்ள வெள்ளையணுவுக்குள் இருக்கிறது, குளிர வைக்காதே, ரூம் டெம்பரேச்சரில் அனுப்பு, ஒரு நாளுக்குள் செல்லைப் பிரிக்கணும். சரி, ஆனால் டிசம்பரில் எங்கள் ரூமே ஃபிரிட்ஜ்தானே! அப்புறம் ட்யூபை மூன்று உறைக்குள் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மேலே சால்வையைச் சுற்றினேன். அடுத்தது வளர்ந்தது. சால்வையாலா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

பெருமாள்மலை:
நான் அந்தப் பெட்டிகளைப் பிரிக்கிற பக்கம் இருந்தவன். ரத்தத்தை ஃபைகால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் மெதுவாக விட்டு மெஷினில் சுழற்றினால் நடுவில் வெள்ளையணுக்கள் வெள்ளையாக ஒரு படலமாக நிற்கும், காலையில் இங்கே பள்ளத்தில் மேகம் நிற்கிற மாதிரி. அதை உறிஞ்சி எடுத்து, தொற்று இல்லாதவரின் செல்லை பிஎச்ஏ என்ற பொருளைப் போட்டு உசுப்பி, செல் வளர உதவும் ஐஎல்-2 என்ற புரதத்தை விட்டு, இரண்டையும் சேர்த்து வளர்ப்போம். வாராவாரம் புது செல் போடணும். 1983இல் பாரிஸில் இந்த வைரஸைக் கண்டுபிடித்த பாரே-சினூசி குழுவும் செல் சாவதைப் பார்த்து, ரத்ததானம் செய்தவரின் லிம்போசைட் என்ற வகை வெள்ளையணுவைச் சேர்த்துத்தான் வைரஸைத் தக்கவைத்தது. ஒருவர் செல்லில் நன்றாக வளரும், இன்னொருவருடையதில் சண்டித்தனம் பண்ணும், அதனால் இரண்டு பேருடையதைக் கலந்தோம். சிடி8 என்ற வகை வெள்ளையணுக்கள் வைரஸை அமுக்கிவிடும், அவற்றை நீக்கினால் இன்னும் நல்லது. வைரஸின் பி24 என்ற புரதம் வருகிறதா என்று 28 நாள் வரை பார்ப்போம்.

தைலமரம்:
அந்த 28 நாள்தான் கொடுமை. தாயின் ஆன்டிபாடி குழந்தை உடம்பில் 18 மாதம் வரைகூட இருக்கும், எலிசாவை நம்ப முடியாது, கல்ச்சர் முடிவுக்குத்தான் காத்திருக்கணும். கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா கைக்குழந்தையோடு வாராவாரம் வந்து, எதுவும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

கூடலூர் நர்ஸ்:
இப்போ ஆறு வாரத்தில் குதிகாலில் ஒரு குத்து, உறிஞ்சுதாள் அட்டையில் ரத்தச் சொட்டு, காய்ந்ததும் வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் டெஸ்டுக்கு அனுப்பிவிடுகிறோம் அண்ணா. ஐஸும் வேண்டாம், சால்வையும் வேண்டாம். ஆனால் ஜூலை மழையில் அட்டை காயவே மாட்டேன் என்கிறது, ஹீட்டர் பக்கமும் வைக்கக் கூடாது. நீங்கள் எல்லாம் என்ன செய்வீர்கள்?