சிரட்டை, ஓடு, பைப்பு: மீன் தொட்டியில் எதைப் போடலாம்?

நெல்லைக் கப்பி:
கடையில் தொட்டிக்குள் வைக்கும் முழங்கை நீள அலங்காரக் கட்டை ஒன்றுக்குச் சொல்கிற விலைக்கு இன்னொரு தொட்டியே வாங்கிவிடலாம். அதனால் என் 2 அடித் தொட்டியில் இருப்பதெல்லாம் கிடைத்த சாமான்தான். தேங்காய்ச் சிரட்டை, இடித்த வீட்டில் கிடந்த நாட்டு ஓடு, ஆற்றுக் கூழாங்கல், பிளம்பர் மிச்சம் வைத்துப் போன பிவிசி பைப்புத் துண்டு. கப்பியும் மாலியும் குட்டி போட்டுத் தள்ளுகின்றன, ஒரு சக்கர் மீனும் சுகமாக இருக்கிறது. நேற்று வேறொரு இழையில் ஒருவர், 'தொட்டிக்கென்று விற்பதைத் தவிர எதையும் தண்ணீரில் இறக்காதீர்கள்' என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஏன், மீன் பில் கேட்கிறதா?

கண்ணாடிப்பெட்டி:
சொன்னது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்வேன். அந்த ஓட்டில் எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தார்கள், சிமெண்டு பூசினார்களா, பக்கத்தில் என்ன மருந்து தெளித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கலாம். ஆனால் இதைப் படிக்கிற புது ஆள் 'வீட்டில் கிடப்பதைப் போடலாம்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்வார். கொலு பொம்மையை இறக்குவார், சாயம் கரையும். பித்தளை விளக்கையோ செம்புக் காசையோ அழகுக்குப் போடுவார். செம்பு கொஞ்சம் கரைந்தாலே இறாலும் நத்தையும் தாங்காது.

நெல்லைக் கப்பி:
கடைச் சரக்கு மட்டும் என்ன யோக்கியம்? வாங்கிய கோட்டை பொம்மை ஒன்றில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து பில்டர் பஞ்சில் ஒட்டிக் கிடந்தது. பெட்டியில் 'மீனுக்குப் பாதுகாப்பானது' என்று போட்டிருந்தான். அப்புறம் தண்ணீருக்கு நல்லதென்று தொட்டியில் போடுகிற பாதாம் இலை. தெருவுக்குத் தெரு உதிர்ந்து கிடப்பதைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

சிரட்டை எப்படிச் செய்தேன் என்று கேட்டவர்களுக்கு: உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைத் துளிகூட விடாமல் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் அழுகித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் கட்டும். வெளி நாரையும் உரித்துவிட்டுக் கொதிக்க வையுங்கள். முதல் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் வரும். கொட்டிவிட்டு, நிறம் வெளிறும் வரை மறுபடி மறுபடி கொதிக்க வையுங்கள். விளிம்பில் ஒரு வாசல் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் குகை தயார்.

கண்ணாடிப்பெட்டி:
கல்லையும் இப்படியே கொதிக்க வைத்துவிடாதீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள் சார். உள்ளே ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும். பிரஷ்ஷால் தேய்த்து, கொதித்த நீரை ஊற்றினால் போதும். சோப்பு எதற்கும் ஆகாது.

மண்டபம்காரன்:
இடையில் ஒரு சந்தேகம். எங்கள் ஊர்க் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். செத்ததுதான், வெள்ளை வெளேரென்று இருக்கிறது. போடலாமா?

நெல்லைக் கப்பி:
அய்யோ, வேண்டாம். இதில் நானும் கண்ணாடிப்பெட்டி சாரும் ஒரே கட்சி.

கண்ணாடிப்பெட்டி:
கல் பவளம் எல்லாமே 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே அட்டவணை. செத்தது, ஒதுங்கியது என்று சொல்லித் தப்ப முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்கு, சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதும் ஒரு காரணம். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

போர்த்தண்ணீர்:
சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே. பவளமோ சிப்பியோ சுண்ணாம்புக் கல்லோ, எல்லாம் கால்சியம் கார்பனேட். கரைந்தால் கடினத்தன்மையும் பிஎச்சும் (அமில-கார அளவு) ஏறும். ஆனால் எவ்வளவு கரையும் என்பது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது, ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறது. அதில் நாலு சிப்பி போட்டால் ஒன்றும் மாறாது. உப்பெல்லாம் வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடும் விடுகிறவர் அதே நாலு சிப்பியைப் போட்டால் கதையே வேறு. டெட்ராவும் டிஸ்கஸும் அமேசானின் மென்மையான நீரில் பிறந்தவை, அவைதான் அவதிப்படும். கப்பியும் மாலியும் கடின நீர் மீன்கள், அலட்டிக்கொள்ளாது. ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரியில் பிஎச் 9-ஐ ஒட்டி இருக்கிறது. அங்கே இரண்டு அங்குலம்கூட வளராத சிச்லிட் வகை மீன் ஒன்று காலி நத்தை ஓட்டுக்குள்ளேயே குடியிருந்து முட்டையும் இடுகிறது. அதற்குச் சிப்பி வேண்டாம் என்று சொன்னால் வீடே இல்லாமல் போகும்.

கல் சந்தேகமென்றால் வினிகர் சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. வினிகர் வீரியம் குறைவு, சில கல்லில் நுரை தெரியாது. கழிவறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு சரியாகக் காட்டும். கையுறை போட்டுக்கொண்டு, அப்புறம் கல்லை நன்றாக அலசிவிடுங்கள்.

கண்ணாடிப்பெட்டி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதுவே என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. தன் தண்ணீர் என்னவென்று தெரிந்தவர் எத்தனை பேர்?

நெல்லைக் கப்பி:
தெரியாதவர் கடைக்கல் வாங்கினாலும் அதே கதைதானே? கடையில் விற்கிற சில அலங்காரக் கல்லும் சுண்ணாம்புதான். சென்னை கொளத்தூர்ப் பக்கம் சிமெண்டுத் தொட்டியிலேயே மீன் வளர்க்கிறார்கள். புதுத் தொட்டியில் தண்ணீரை நிரப்புவதும் வடிப்பதுமாக வாரக்கணக்கில் காரம் இறக்கின பிறகே மீன் விடுவார்கள். பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதை எப்படிப் பழக்கினோம் என்பதுதான் முக்கியம்.

பச்சைப்பாசி:
வேதியியல் முடிந்ததா? நான் கண்ணைப் பற்றிப் பேசுகிறேன். 1982-ல் ஆக்வா டிசைன் அமானோ நிறுவனத்தைத் தொடங்கிய ஜப்பானியத் தொட்டி அலங்காரக் கலைஞர் தகாஷி அமானோ வைத்ததும் கல்லும் கட்டையும்தான். ஆனால் எந்தக் கல் பெரியது, எது அதன் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. நெல்லைக்காரர் தொட்டியில் ஓடும் பைப்பும் கிடப்பதைப் பார்த்தால் கட்டட வேலை பாதியில் நின்ற மாதிரி இருக்கிறது.

நெல்லைக் கப்பி:
சக்கர் நாளெல்லாம் அந்தப் பைப்புக்குள்தான் படுத்திருக்கிறது. உங்கள் கண்ணுக்கு உறுத்தினால் பைப்பின்மேல் ஜாவா மாஸ் என்கிற பாசியை நூலால் சுற்றிக்கொள்ளுங்கள்.

பச்சைப்பாசி:
சுற்றி ஒரு படம் போடுங்கள், பார்க்கலாம்.

கண்ணாடிப்பெட்டி:
இழையின் தலைப்பில் மீன் பெயரையும் தண்ணீர் வகையையும் சேர்த்துவிடுங்கள் சார். அதைச் செய்தால் எனக்குச் சண்டை இல்லை. கோல்டு பிஷ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: உடைந்த ஓட்டின் முனை கூராக இருந்தால் முட்டைக்கண் மீனுக்குக் கண் போய்விடும்.

மண்டபம்காரன்:
பவளத்தைத் தொடவில்லை. வீட்டுக் கொல்லையில் கொய்யாக் கிளை ஒன்று வெட்டிப் போட்டிருக்கிறது. அது ஆகுமா?

போர்த்தண்ணீர்:
பச்சையாக வேண்டாம். முழுக்கக் காய்ந்ததும் பட்டையை உரித்து, மூழ்கும் வரை வாளியில் ஊறப் போடுங்கள். முதல் சில வாரம் வெள்ளையாகக் கோழை மாதிரி படியும், பயப்படாதீர்கள், தானே போய்விடும். பக்கத்தில் வேப்பங்கிளை கிடந்தால் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.