சேலத்துல கண்ணங்குறிச்சி டூ செவ்வாய்பேட்டை தினமும் போகணும், நடக்க முடியல, கம்மி செலவுல என்ன வழி?

மண்டிக்கணக்கு:
வணக்கம்ங்க. வயசு 47, செவ்வாய்பேட்டைல ஒரு மண்டில கணக்கு எழுதுறேன். இடது இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சு, ஆபரேஷன் பொண்ணு காலேஜ் முடிச்சப்புறம்னு தள்ளிப்போட்டுட்டு வரேன். நாலு வீடு தாண்டுறதுக்குள்ள ஒருக்கா நின்னாதான் அடுத்த அடி வைக்க முடியும். பஸ் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஜோரா போகுது, ஆனா வீட்டுலருந்து ஸ்டாப்புக்கு ஒரு நடை, அங்க எறங்கி மண்டிக்கு ஒரு நடை, இந்த ரெண்டுந்தான் கொல்லுது. அதனால ஆட்டோ, போக வர 300 ரூபா, சம்பளம் 17,000. ஸ்கூட்டர் இருக்கு, சிக்னல்ல இடது கால ஊன முடியலன்னு ஆறு மாசமா சும்மா நிக்குது.

அஸ்தம்பட்டி அக்கா:
மொதல்ல ஜிஎச்ல மெடிக்கல் போர்டுல காட்டி சர்டிபிகேட் வாங்குங்க தம்பி. ஊனம் 40 சதவீதம்னு போட்டுக் குடுத்தாங்கன்னா யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வரும், அத வெச்சு சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட்டே வேணாம், தொணைக்கு வர்ற ஒருத்தருக்கும் இல்ல, 2021லருந்து அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் போறாரு. ஆனா படி உசரம், கூட்டத்துல ஏறாதீங்க.

மண்டிக்கணக்கு:
அக்கா பஸ் காசு பெரிசில்லக்கா, அந்த நடைதான்.

சைடுவீல் மெக்கானிக்:
சார் ஸ்கூட்டர விக்காதீங்க. பின்னாடி ரெண்டு பக்கமும் சக்கரம் போட்டுட்டா கால ஊனவே வேணாம். போட்டதும் ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சி புக்குல ஏத்திடுங்க, லைசென்ஸும் அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தணும், இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லணும், இல்லன்னா ஒரு ஆக்சிடென்ட்னா கை விரிச்சிடுவாங்க. கவர்மெண்ட்லயே சைடு வீல் போட்ட வண்டி இலவசமா தர்றாங்க, ரெண்டு காலும் பாதிச்சவங்களுக்குன்னு வெச்சிருக்காங்க, உங்களுக்கு ஒரு கால்தான், எதுக்கும் கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி நலத்துறைல கேட்டுப் பாருங்க.

அடிவாரத்தான்:
சைடு வீல் நானே மூணு வருஷமா ஓட்டுறேன், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வளைவுல உடம்ப சாய்ச்சு பழகினவங்களுக்கு இது வேற வண்டி, சாயாது, ஹேண்டில திருப்பணும், வேகமா திருப்பினா ஒரு பக்கம் தூக்கும். நான் ஆர்வக்கோளாறுல ஏற்காடு ஏறிட்டேன், இருவது கொண்டை ஊசி வளைவு, எறங்கறப்ப உசுரு கையில இல்ல. குழில ரெண்டு சைடு வீலும் மேட்டுல நின்னுச்சுன்னா நடு சக்கரம் அந்தரத்துல சும்மா சுத்தும். அகலமும் ஜாஸ்தி, செவ்வாய்பேட்டை சந்துல மூட்டை எறக்கற லாரிக்கு நடுவுல நொழைய முடியாது. மத்தபடி டவுனுக்குள்ள 30ல போனா நல்ல வண்டி. இந்த லைசென்ஸ் வேணாத 25 கிலோமீட்டர் ஸ்பீடு எலக்ட்ரிக் வண்டி வாங்கலாம்னு யாராவது சொல்வாங்க, அதுலயும் கால ஊனணும், மறந்துடாதீங்க.

குகைக்காரன்:
அண்ணா, ஸ்கூல் பசங்கள விட்டுட்டு ஒம்போது மணிக்கு மேல காலியா திரும்புற ஆட்டோக்காரங்கள புடிங்க. எங்கம்மா டயாலிசிஸ்க்கு அப்படித்தான் மாச வாடகை பேசினோம், தினக்கூலிய விட பாதிதான் ஆச்சு. ஓனர்கிட்ட பத்து மணிக்கு வர்றேன்னு மட்டும் கேட்டுக்கோங்க. ஸ்கூல் லீவு மாசத்துக்குத் தனியா பேசிடுங்க, நாங்க அதுல மாட்டிக்கிட்டோம்.

மண்டிக்கணக்கு:
குகை தம்பி, எங்க தெருலயே ஒருத்தர் ஸ்கூல் ட்ரிப் அடிக்கிறாரு, இத்தன நாளா தோணவே இல்ல. காலைல அவரு, சாயந்திரம் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மண்டிப் பையன் வண்டில எறக்கி விட்டா பஸ்ல உக்காந்து வந்துடுவேன், இந்தப் பக்கம் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போவா. அடிவாரத்தாரே, சைடு வீல் மாட்ட எவ்வளவு ஆச்சுங்க உங்களுக்கு? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனு குடுக்கப் போறப்ப அந்த இலவச வண்டியையும் விசாரிச்சுடறேன்.