டிவிக்காக எடுத்த பழைய ஓநாய் மனிதன் படங்கள்: இங்கே வேறு யாருக்கும் பிடிக்குமா?

பனங்காடு27 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன போயா (பூரணை) லீவில் இணையத்தில் 'மூன் ஒஃப் த வுல்ஃப்' என்றொரு படம் பார்த்தேன். 1972இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக எடுத்தது. லூசியானாவின் சதுப்பு நிலத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. கடித்துக் குதறியது காட்டு நாயா, கொன்றது மனிதனா என்று ஷெரிஃப் வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். ஓநாய் மனிதன் கடைசிப் பகுதியில்தான் முகம் காட்டுகிறான். முகமெல்லாம் மயிர் ஒட்டி, மூக்கில் கறுப்புப் பூசி, சட்டை காற்சட்டையோடு வந்து நிற்கிறான்.

கூட இருந்து பார்த்த மச்சான்மார் அந்த இடத்தில் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். எனக்கு அடுத்த நாளும் அதையே பார்க்க மனம் வந்தது. இப்போது வருகிற கணினி ஓநாய்ப் படங்களும் பார்க்கிறேன், அவை ஒன்றும் இப்படி மனதில் நிற்பதில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்த மாதிரிப் படங்களில் விருப்பமுள்ளவர்கள் இருக்கிறீர்களா? ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்து எதைப் பார்க்கலாம்?

வீடியோக்கடை எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்ததில் மெத்தச் சந்தோசம். தொண்ணூறுகளில் களுவாஞ்சிக்குடியில் வீடியோக் கடை வைத்திருந்தவன் நான். கசட் மட்டுமல்ல, டெக், டிவி, ஜெனரேட்டர் எல்லாம் இரவு வாடகைக்குக் கொடுப்போம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கரண்ட் இல்லாத ஊர்களுக்குத்தான் கூடுதலாகப் போகும். குருமண்வெளித் துறையில் பாதையில் (வாவியைக் கடக்கும் படகில்) ஏற்றி மண்டூர்ப் பக்கம் கொண்டுபோவார்கள். ஒரு இரவுக்கு மூன்று படம். முதல் இரண்டும் தமிழ். மூன்றாவதற்கு, "அண்ணே, நித்திரை வராத மாதிரி இங்கிலீஸ் பேய்ப்படம் ஒன்டு தாங்க" என்பார்கள். அது ஓடத் தொடங்கும்போது சாமம் தாண்டியிருக்கும். பிள்ளைகள் பாயில் உறங்கிவிடுவார்கள், விழித்திருப்பது கொஞ்சப் பேர்தான். அந்த மூன்றாவது இடத்துக்கு நான் விரும்பித் தேடிக் கொடுத்தவை இந்தப் படங்கள். எங்கள் மாமா ஒருவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த, மேலே பெயர் எழுதாத கசட்டுகளில் இருந்தன.

ஏன் பிடிக்கிறது என்று கேட்டீர்கள். காசு இல்லாமல் எடுத்ததால்தான் பிடிக்கிறது என்பேன். ஏபிசி 1969இல் வாரம் ஒரு புதுப்படம் என்று ஒரு வரிசை தொடங்கியது. ஒன்றரை மணி நேர இடம். விளம்பரம் போகப் படத்துக்கு மிஞ்சுவது 75 நிமிடம் அளவில். படப்பிடிப்புக்கு இரண்டு கிழமை கிடைத்தால் பெரிது. ஸ்பீல்பேர்க்கின் 'டூவல்' (1971) அதே வரிசையில் வந்ததுதான். இப்படி அவசரமாக எடுக்கும்போது மனிதன் ஓநாயாக மாறுவதை நின்று நிதானமாகக் காட்ட முடியாது. 1941இல் யுனிவேர்சல் எடுத்த 'த வுல்ஃப் மேன்' படத்திலேயே ஜாக் பியர்ஸ் மணிக்கணக்கில் இருந்து லொன் சேனி ஜூனியரின் முகத்தில் யாக் எருமை மயிரை ஒட்டினார். அவ்வளவு பெரிய கம்பனிகூட அந்தப் படத்தில் முதல் தடவை உருமாறும்போது கால்களை மட்டும்தான் காட்டியது. அப்படியிருக்க டிவிக்காரர் என்ன செய்வார்கள்? ஓநாயைக் கடைசிவரை ஒளித்து வைப்பார்கள்.

ஒளித்து வைத்தால் மிச்ச ஒரு மணி நேரத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டுமே. மனிதர்களை வைத்து நிரப்பினார்கள். நீங்கள் பார்த்த படத்தையே எடுங்கள். செத்த பெண்ணின் தமையன் கோபத்தில் கொதிக்கிறான். டொக்டர் எதையோ மறைக்கிறார். பெரிய வீட்டுக்காரக் குடும்பம் ஊரை ஒரு மாதிரி மேலிருந்து பார்க்கிறது. படுக்கையில் கிடக்கும் கிழவர் ஒருவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் முணுமுணுப்பது ஷெரிஃபுக்கு விளங்கவில்லை. ஷெரிஃபாக வரும் டேவிட் ஜான்ஸன் அதற்கு முன்னர் 'த ஃபியூஜிடிவ்' தொடரில் 1963 முதல் 1967 வரை ஓடி ஓடிக் களைத்த மனிதர். அந்தக் களைப்பு முகத்தில் அப்படியே இருக்கிறது. படத்தை லூசியானாவுக்கே போய் எடுத்தார்கள். அந்தப் புழுக்கமும் சேற்று நீரும் வாவிக் கரையில் வளர்ந்த எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொலைகாரன் யார் என்று தெரியவரும்போது அவனை ஒரு குடும்பத்துப் பிள்ளையாக நாம் அறிந்திருப்போம்.

உங்கள் மச்சான்மார் சிரித்த இடத்துக்கு வருகிறேன். சட்டை காற்சட்டை போட்ட ஓநாய். என்னுடைய விருப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. கணினியில் செய்த ஓநாய்க்குள் மனிதனைத் தேடினாலும் கிடைக்கமாட்டான், அது வெறும் மிருகம். இந்த ஓநாயின் சட்டையில் பொத்தான் இருக்கிறது. அதைக் காலையில் பூட்டிக்கொண்டவன் ஒரு மனிதன். பெரிய வீட்டுப் பெண் லூயிஸின் சகோதரன், ஊரில் மரியாதையுள்ளவன், தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் நோயென்று மருந்து எடுத்தவன். எங்கள் வடமோடிக் கூத்தில் வீமனாக ஆடுபவர் எந்த வீட்டு ஆள் என்று களரியைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அழுகிறோம். ஒட்டுமயிர் தெரிகிறது என்பதால் இந்தப் படமும் எனக்குக் குறைந்து போவதில்லை.

இன்னொன்று. கசட்டில் பார்த்தவர்களுக்கு ஞாபகமிருக்கும், நல்ல கட்டத்தில் திரை கறுத்துவிடும். ஜெனரேட்டரில் எண்ணெய் முடிந்துவிட்டது என்று யாராவது எழும்புவார்கள், அதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். விளம்பரத்துக்கு விட்ட இடம் அது. ஒவ்வொரு கறுப்புக்கும் முன்னால் எழுத்தாளர் ஒரு பயத்தை வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவர் சனலை மாற்றிவிடுவார். அதனால் இந்தப் படங்களில் கதை எங்கேயும் படுத்துக் கிடப்பதில்லை. இப்போது இரண்டரை மணி நேரம் எடுத்துச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒரு தடவையாவது இருக்க வேண்டும் என்று நினைப்பேன்.

சரி, அடுத்து என்ன பார்க்கலாம். 1974இல் வந்த 'ஸ்க்ரீம் ஒஃப் த வுல்ஃப்'. டான் கேர்ட்டிஸ் இயக்கம், ரிச்சர்ட் மதிசன் எழுத்து. 'டூவல்' எழுதியவரும் மதிசன்தான். கொலை நடந்த இடத்திலிருந்து தடம் நாலு காலில் தொடங்கி, போகப்போக இரண்டு காலாகி, பிறகு காணாமலே போகும். அந்த ஒரு யோசனைக்காகவே பார்க்கலாம். அதே வருடம் 'கோல்சாக்' தொடரில் கப்பலுக்குள் நடக்கும் ஓநாய் மனிதன் கதை ஒன்று வந்தது. நடுக்கடலில் யாரும் எங்கேயும் ஓட முடியாது. 1978இல் 'டெத் மூன்', ஹவாய்க்கு ஓய்வெடுக்கப் போன ஒரு கம்பனி அதிகாரியைப் பரம்பரைச் சாபம் பிடிக்கிற கதை. 1975இல் வந்த 'த வேர்வுல்ஃப் ஒஃப் வூட்ஸ்டொக்' கடைசியாக இருக்கட்டும். 1969இன் வூட்ஸ்டொக் இசை விழாவை வெறுத்த விவசாயி ஒருவர் மின்னல் தாக்கி ஓநாயாகிறார். ஃபிலிமில் எடுக்காமல் வீடியோ நாடாவில் எடுத்ததால் இரவுக்கு ஆழமே இல்லை. ஆனாலும் பூரணையை விட்டுவிட்டு இடிமின்னலில் உருமாறச் செய்த துணிச்சலுக்காக அதையும் வைத்திருந்தேன்.

காத்தான்குடிக் காக்கா எழுதியது:

வீடியோக்கடை அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை இல்லை. 'ஸ்க்ரீம் ஒஃப் த வுல்ஃப்' முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

அதில் ஓநாய் மனிதனே கிடையாது! வேட்டைக்காரன் ஒருவன் பழக்கிய மிருகத்தை வைத்துச் செய்த வேலை. தடம் மாறுகிற காட்சியில் என் உடம்பு சிலிர்த்தது உண்மை. அவ்வளவு ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் கையை விரித்தால் அதை எப்படி இந்தப் பட்டியலில் சேர்ப்பது? பெயரில் ஓநாய் இருந்தால் போதுமா?

அப்புறம், காசில்லாததுதான் காரணம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 1972இல் அதே ஏபிசி வரிசையில் வந்த 'த நைட் ஸ்டோக்கர்' படமும் குறைந்த காசுதான். அதில் இரத்தக்காட்டேரியை ஒளிக்கவில்லை. நன்றாகவே காட்டுகிறார்கள், அதிலும் பயம் இருக்கிறது. எழுதியவர் மதிசன், அதுதான் காரணம். மறுபக்கம் 1981இல் ரிக் பேக்கர் ஒப்பனை செய்த 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தை எடுங்கள். வீட்டுக்குள், நல்ல வெளிச்சத்தில், எலும்பு நீள்வதையும் முதுகு வளைவதையும் முழுக்கக் காட்டினார். ஒப்பனைக்கென்று ஒஸ்கார் ஒரு நிரந்தரப் பிரிவை வைத்து முதலில் கொடுத்தது அதற்குத்தான். காட்டினால் மனம் தொடாது என்று சொன்னால் அந்த மனிதரின் உழைப்புக்கு அநியாயம்.

சட்டை போட்ட ஓநாய் பற்றிச் சொன்னது சரி. வாப்பாவோடு இருந்து பார்த்தபோது வாப்பா சொன்னதும் அதுதான், "பாவம், அவனும் மனிசன்தானே."

வீடியோக்கடை எழுதியது:

காக்கா, ரிக் பேக்கரை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் படத்தில் உருமாறுகிற பையன் வலியில் கத்துகிறானே, மனிதன் உள்ளே இருக்கிறான் என்பதை அவர் அந்தக் கத்தலில் வைத்தார். அவருக்குக் காசும் காலமும் இருந்தன, இரண்டையும் மனிதனுக்காகச் செலவழித்தார். நம்மாட்களுக்கு இரண்டும் இல்லை, ஒரு சட்டையில் வைத்தார்கள்.

'ஸ்க்ரீம்' விசயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டேன். வேட்டைதான் மனிதனுக்கு உயிரூட்டுகிறது, வேட்டையை விட்டவன் பாதி செத்தவன் என்று நம்புகிற ஒரு நண்பன் அதில் வருகிறான். நடித்தவர் கிளின்ட் வோக்கர், ஆள் பென்னாம் பெரிய உருவம், ஆனால் பேச்சு மெதுவாக. அவன் முகத்தில் ஒரு மயிர்கூட ஒட்டவில்லை. மயிர் இல்லாமலே மனிதன் மிருகமாகிறதைக் காட்டிய படம். எனக்கு அதுவும் ஓநாய் மனிதன் கதைதான்.

மண்டூர்க்காரி எழுதியது:

அண்ணன், நீங்கள் பாதையில் ஏற்றிவிட்ட டிவியைப் பார்த்த பிள்ளைகளில் நானும் ஒருத்தியாக இருக்கலாம். யாருடைய கடை என்று அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்.

எங்கள் ஊரில் படம் போடுவது கூடுதலாகப் பூரணையை ஒட்டித்தான். வேறு ஒன்றுமில்லை, கரண்ட் இல்லை, தெருவிளக்கு இல்லை, படம் முடிந்து சனம் வீட்டுக்கு நடக்க நிலவு வேண்டும். அதனால் ஓநாய் மனிதன் படத்தைப் பார்த்துவிட்டு நல்ல முழுநிலவில்தான் வட்டை (வயல்வெளி) ஓரமாக வீட்டுக்கு நடப்போம். மறுகா என்ன, நரி ஊளையிடத் தொடங்கும். இலங்கையில் ஓநாய் கிடையாது, நரிதான். வயல்காரருக்கு அந்தச் சத்தம் பழகினது. ஆனால் அந்த இரவில் மட்டும் பெரியவர்களும் நடையைக் கூட்டுவார்கள். படத்துக்குள் பெரிய ஓநாய் எதையும் காட்டாமல் சத்தத்தை மட்டும் விட்டு வைத்தது எங்களுக்கு எவ்வளவு வேலை செய்தது தெரியுமா? காக்கா சொல்கிற லண்டன் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வெளியில் வந்தால் வெளியில் பயமில்லை. இது வீடுவரைக்கும் கூட வந்தது.

இன்னொன்றை நீங்கள் ஆம்பிளைகள் யாரும் சொல்லவில்லை. கிழவரின் முணுமுணுப்பு ஷெரிஃபுக்கு விளங்கவில்லை என்று அண்ணன் எழுதினீர்கள். அதை விளங்கிக்கொள்வது லூயிஸ். அந்த ஊருக்குள் எந்தக் கதவு எதற்காகப் பூட்டியிருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். பேய்ப்படத்தில் பெண் என்றால் கத்துவதற்கு மட்டும் என்று இருந்த காலத்தில், பார்பரா ரஷ் நின்று யோசிக்கிற ஒரு பெண்ணாக நடித்தார். நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவருக்காக.

பனங்காடு27 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு 'ஸ்க்ரீம் ஒஃப் த வுல்ஃப்' பார்த்துவிட்டேன். காக்கா மன்னிக்க வேண்டும், நான் அண்ணன் பக்கம். அந்த வேட்டைக்கார நண்பன் பேசும் காட்சிகள் இரவு முழுக்க மனதில் ஓடின. லூயிஸைப் பற்றி அக்கா சொன்னதை வைத்து 'மூன்' படத்தை இன்னொரு தடவை பார்க்கப்போகிறேன். ஒரு சின்னப் பிரச்சினை. எங்கள் வீட்டுப் பெரிய டிவியில் போட்டால் எல்லோரும் குள்ளமாக, பருத்துத் தெரிகிறார்கள். இரவுக் காட்சியெல்லாம் நீலமாக வெளிறிப் போகிறது. பிரதி பழுதா?

வீடியோக்கடை எழுதியது:

பிரதியில் பழுதில்லை தம்பி. இந்தப் படங்கள் பழைய டிவியின் 4:3 சட்டத்துக்காக எடுத்தவை. புது டிவி அதை இழுத்து அகலமாக்குகிறது. ரிமோட்டில் படத்தின் அளவை 4:3க்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக வரும், வரட்டும். அப்புறம் அந்தக் காலத்தில் நிறைய இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்தார்கள். கமராவில் நீலக் கண்ணாடி போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து இரவாக்குவார்கள். டிவியில் பிரைட்னஸ் கூட இருந்தால் அந்தப் பகல் வெளியே வந்துவிடும். நன்றாகக் குறையுங்கள், டிவி தானாக நிறத்தைக் கூட்டுகிற வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

மண்டூர்த் தங்கச்சி, லூயிஸ் பற்றி எழுதியதற்கு நன்றி. இத்தனை வருடமும் கொடுத்தவர்களிடமெல்லாம் ஜான்ஸனைப் பற்றித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

'டெத் மூன்' தெளிவான பிரதி யாரிடமாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். என்னிடம் இருந்த கசட் பூஞ்சணம் பிடித்துவிட்டது, ஹவாய்க் கடற்கரைக் காட்சி வரைக்கும்தான் ஓடுகிறது.